புதுப்பிப்பு: பெட்டி குறைந்தால் டிரைவர் சம்பளத்தில் பிடித்தம் – முடிவு கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சரக்கு ஏற்றியதும் கதவில் நம்பர் போட்ட சீல் வைத்து மூடிய லாரியில், இறக்கும்போது பெட்டி குறைந்தாலும் டிரைவர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தேன்.

பலித்தது, சீல் நம்பரை வைத்துப் பேசச் சொன்ன யோசனைதான். சரக்கு ரசீதில் டிரைவர் வெறும் கையெழுத்துப் போட்டால் எண்ணிக்கைக்கு எங்கள் லாரி கம்பெனியே பொறுப்பேற்ற மாதிரி ஆகிவிடும் என்று எடுத்துச் சொன்ன பிறகே மேனேஜர் இறங்கி வந்தார். நியாயம் பேசியபோது அசையவில்லை!

இப்போது எழுத்தில் உள்ள நடைமுறை இது. ஏற்றும்போது டிரைவரை உள்ளே விடாவிட்டால், சரக்கு ரசீதின் எல்லாப் பிரதியிலும் கையெழுத்துக்கு மேலே "ஏற்றியவர் எண்ணிக்கை, டிரைவர் எண்ணவில்லை" என்று எழுத வேண்டும். சீல் நம்பரும் ரசீதில் ஏற வேண்டும்; தாழ்ப்பாளோடு சேர்த்து நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ. இறக்குமிடத்தில் சீலை வெட்டும் முன் "சீல் சரி" என்று வாங்குபவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெட்டிய பிறகு கேட்டால் யாரும் போட மாட்டார்கள். இவ்வளவும் இருந்தால் பிடித்தம் கிடையாது.

எதிர்பாராதது ஒன்று: வழியில் சோதனைக்காகச் சீல் உடைக்கப்பட்டால் இதெல்லாம் செல்லாது. பழைய சீல் துண்டைப் பத்திரப்படுத்தி, புது நம்பர், நேரம், உடைத்த அதிகாரியின் கையெழுத்து மூன்றையும் ரசீதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.