பழைய ஜிப்ஸி சாஃப்ட் டாப் குடும்பத்துக்கு ஒத்துவருமா?

தோட்டக்காரன்:
வணக்கம். கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை, மழைக்காலத்தில் என் ஸ்விஃப்ட் கார் ஏறாது. 2007 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஜீப், சாஃப்ட் டாப் (கேன்வாஸ் கூரை), ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஸ்விஃப்டை விற்றுவிட்டு இதை எடுக்கலாமா? நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. மாதம் ஒரு தடவை மதுரை போய்வர வேண்டும்.

கோத்தகிரி ஜிப்ஸி:
பல வருஷமாக சாஃப்ட் டாப் ஜிப்ஸிதான் ஓட்டுகிறேன். தோட்டத்துக்குத் தாராளமாக வாங்குங்கள். ஸ்விஃப்டை மட்டும் விற்காதீர்கள்.

அகலம் 1540 மில்லிமீட்டர்தான், எடை ஒரு டன் அளவு. காப்பிச் செடிகளுக்கு நடுவே நுழைந்து போகும். ஈரமான இறக்கத்தில் ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு முதல் கியரில் விட்டால், பிரேக்கைத் தொடாமலே மெதுவாக இறங்கும். அந்த நிம்மதிக்காகவே இதை வைத்திருக்கிறேன்.

முன்சீட்டில் சமாளிக்கலாம், பின்னால் கதை வேறு. எதிரெதிராக இரண்டு பெஞ்ச், நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டை வில். குழியில் விழுந்தால் அடி நேரே இடுப்பில் இறங்கும். கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டில் உட்கார்ந்து வரும் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். பெல்ட் போட்டு உட்கார வைக்கவும் வழியில்லை. அம்மா பின்கதவைத் திறந்து, காலை உயரத் தூக்கி வைத்துத்தான் ஏற வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் அவர்களை அழைத்துப்போய் ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சிரமப்பட்டால் குடும்ப வண்டி என்ற பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

மதுரை வெயிலில் கேன்வாஸுக்குக் கீழே, ஏ.சி. இல்லாமல், பவர் ஸ்டீயரிங் இல்லாமல்? வேண்டாம். வத்தலக்குண்டு தாண்டி வேகம் எடுத்தாலே கூரை படபடக்கும். பலத்த மழையில் கேன்வாஸின் ஜிப் ஓரமாகத் தண்ணீர் சொட்டும்.

வண்டி பார்க்கும்போது எஞ்சினைவிட அடிப்பக்கத்துக்கு நேரம் கொடுங்கள். உள்ளே காலடியில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி வண்டியின் தரையைப் பாருங்கள். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேசிஸை (அடிச்சட்டத்தை) ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள், துரு இருந்தால் சத்தமே மங்கலாக வரும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள். ஃபோர் வீல் டிரைவை மண்ணில் போட்டுப் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம்.

வாடிப்பட்டி தார்:
ஏ.சி., பவர் ஸ்டீயரிங் வேண்டுமென்றால் 2010க்கும் 2020க்கும் நடுவே வந்த பழைய மகிந்திரா தார் சி.ஆர்.டி.இ. (டீசல்) ஜீப்பைப் பாருங்கள். ஆனால் அதிலும் பின்னால் அதே பக்கவாட்டு பெஞ்ச்தான். 2020இல் வந்த புது தாரில் பின்சீட் முன்னோக்கி இருக்கிறது, சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங்கும் உண்டு. அது நாலு பேர் வண்டி, உங்கள் வீட்டிலோ ஐந்து பேர்.

தோட்டக்காரன்:
அம்மாவை இந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப்போகிறேன். இன்னொன்று: கேன்வாஸை எடுத்துவிட்டு இரும்புக் கூரை போட்டுக்கொள்ளலாமா? விற்பவர் தாராளமாகப் போடலாம் என்கிறார்.

கோத்தகிரி ஜிப்ஸி:
அவர் சொல்வதை நம்பிச் செய்யாதீர்கள். ஆர்.சி.யில் சாஃப்ட் டாப் என்று இருந்தால், அனுமதி இல்லாமல் கூரையை மாற்றினால் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் சிக்கல் வரும். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். 2007 வண்டிக்கு 15 வருஷம் 2022இலேயே முடிந்துவிட்டது. ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, பசுமை வரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பித்தது ஐந்து வருஷத்துக்குத்தான், அடுத்த முறை செலவு உங்கள் தலையில். விலை பேசும்போது அதையும் கழித்துக் கேளுங்கள்.