பல் கூச்சம் இளம் வயதிலேயே வருவது ஏன்?

கேள்வி: செம்பனைத் தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. சில வாரங்களாகத் தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) குடித்தாலும், விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது குளிர்காற்று வாய்க்குள் புகுந்தாலும், கீழ்வரிசையில் இரண்டு பற்கள் சுரீரென்று கூசி, சில நொடிகளில் அடங்கிவிடுகின்றன. தங்கையின் திருமணத்தை முன்னிட்டுப் பல்லை வெண்மையாக்கும் மருந்தை வாங்கி வீட்டிலேயே பூசத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். எழுபதைக் கடந்த என் மாமியாரோ பால்மரம் சீவிய காலத்திலிருந்து வெற்றிலை பாக்குப் போடுபவர். பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தும் ஐஸ் கட்டியைக் கடித்து மெல்கிறார். இது எத்தனை பேருக்கு வருகிறது, எனக்கு ஏன் வந்தது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பல் சிகிச்சைப் பணியாளர், ஈப்போ

சகோதரி, இது உங்கள் ஒருவருக்கு வந்ததன்று. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் 37 பல் கிளினிக்குகளுக்கு வந்த 787 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், 12.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குப் பல் கூச்சம் இருந்தது. பெண்கள், 18 முதல் 44 வயதுக்கு உட்பட்டவர்கள், ஈறு இறங்கியவர்கள், வீட்டிலேயே பல்லை வெண்மையாக்கிக்கொண்டவர்கள் ஆகியோரிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. இவற்றில் மூன்று உங்களுக்குப் பொருந்துகின்றன. ஈறு எப்படி இருக்கிறது என்பதைப் பல் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பல்லின் கடினமான மேற்பூச்சான எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் என்ற அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளமாக உள்ளன. ஈறு இறங்கியோ எனாமல் கரைந்தோ அவற்றின் வாய் திறந்துவிட்டால், குளிர் பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. உங்கள் மாமியாரின் பற்கள் பல ஆண்டுகளாக மெல்லமெல்லத் தேய்ந்ததால், குழாய்கள் அடைபட்டு, உட்புறம் புதிய டென்டினும் படிந்திருக்கக்கூடும். அவருக்குக் கூசவில்லை என்பதற்காக வெற்றிலை பாக்கை நல்லதென்று எண்ணிவிட வேண்டாம்; பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, தெலுக் இந்தான்

மகளே, நாங்கள் லயத்து வீட்டில் இருந்தபோது கரித்தூளையும் உப்பையும் வைத்து, பல் பளபளக்கும் வரை விரலால் தேய்த்தோம்; பிறகு பிரஷ் வந்தபோதும் அதே வேகத்தில்தான் தேய்த்தேன். ஐம்பது வயதில் ஈறு இறங்கி வேர் தெரிந்த பிறகே தவறு புரிந்தது. மென்மையான பிரஷால் அழுத்தாமல் தேய்க்கும்படி அரசாங்கப் பல் கிளினிக்கில் சொன்னார்கள். அசாம் பூய் என்னும் உப்பிட்ட புளிப்புப் பழமும் எலுமிச்சைச் சாறும் சாப்பிட்ட உடனே பல் துலக்கக் கூடாது என்பதையும் அங்கேதான் கேட்டறிந்தேன். புளிப்பு பட்ட எனாமல் சற்று நேரம் இளகியிருக்குமாம்.

பதில் 3: பல் சிகிச்சைப் பணியாளர், ஈப்போ

ஐயா சொன்னது முற்றிலும் சரி. நெஞ்செரிச்சலால் அமிலம் வாய்க்கு வருபவர்களுக்கும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் எனாமல் இழப்பு ஏற்படும். சகோதரி, வெண்மையாக்கும் மருந்தை இப்போதே நிறுத்துங்கள். அதனால் வரும் கூச்சம் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம் என்பதால், இரண்டு நாளில் கைவிட்டுவிடாதீர்கள். ஆனால் வலி தானாக எழுந்தாலோ, சூடு பட்டு நெடுநேரம் நீடித்தாலோ, கடிக்கும்போது ஒரே பல் வலித்தாலோ, அது சொத்தையாகவோ விரிசலாகவோ இருக்கலாம். அப்போது பற்பசையை நம்பிக் காத்திராமல் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.