பெரிய பாரை மீன் இழுத்தபோது எந்த ரீல் நின்றது? அனுபவப் பகிர்வு

தொடங்கியவர்

வணக்கம். ஆறு ஆண்டுகளாகக் கடலில் தூண்டில் வீசி வருகிறேன். இதற்குள் மூன்று ரீல்கள், அதாவது தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவிகள், என் கையில் உயிரை விட்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. ஆனால் மூன்றையும் வாங்கும்போது நான் பார்த்தது ஒரே எண்ணைத்தான், அதாவது பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த அதிகபட்ச டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை உராய்வோடு விட்டுக்கொடுக்கும் தடை) எத்தனை கிலோ என்பதை. அந்த எண் பொய் இல்லை. ஆனால் மீன் இழுக்கும் அந்த நொடியில் நமக்கு வேண்டிய செய்தி அதில் இல்லை என்பதை நான் மூன்று முறை இழந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

முதல் இழப்பைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பவளப் பாறைத் திட்டின் விளிம்பில் பாப்பர் என்ற மிதக்கும் போலி இரையை வீசிக்கொண்டிருந்தேன். 14 கிலோ தாங்கும் பின்னல் நரம்பு. முடிச்சோடு சேர்த்துப் பார்த்தால் 10 கிலோ தாங்கினாலே பெரிது. டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து, போதும் என்று நானே தீர்மானித்திருந்தேன். பெரிய பாரை ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து கவ்வியது. நரம்பு சீராக ஓடவில்லை. ஒரு கணம் பிடித்தது, பிறகு விட்டது, மறுபடி பிடித்தது. அதற்கேற்பக் கம்பின் நுனி தலையாட்டிக்கொண்டே இருந்தது. நான்காவதோ ஐந்தாவதோ பிடிப்பில் முடிச்சு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, டிராக்கைத் தொடாமல், சுருள்வில் தராசை நரம்பில் கட்டி இழுத்துப் பார்த்தேன். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் நகரத் தொடங்குவதற்கு 9 கிலோ தேவைப்பட்டது. நகர்ந்துவிட்ட பிறகு 6 கிலோவே போதுமானதாக இருந்தது. அந்த 3 கிலோ வேறுபாடுதான் என் மீனைக் கொண்டுபோனது. திறந்து பார்த்தபோது கம்பளித் துணியால் ஆன டிராக் வாஷர்கள் ஒரு பக்கம் காய்ந்து, கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருந்தன.

இரண்டாவது ரீலில் டிராக் நன்றாகவே இருந்தது, ஆனால் நரம்பு ஏறிச் செல்லும் சிறு உருளையான லைன் ரோலர் உப்பில் இறுகிச் சுழலாமல் போனதை நான் கவனிக்கவில்லை. நரம்பு அதன் மேல் உரசி உரசிப் பஞ்சாகிவிட்டது. மூன்றாவதன் உடல் கிராஃபைட்டால் ஆனது. பாரம் ஏறும்போது உடலே வளைந்து, பற்சக்கரங்கள் ஒன்றையொன்று சரியாகக் கவ்வாமல் அரைபட்டுத் தேய்ந்தன. நான்காவது ரீல் வாங்கும் முன் மற்றவர்கள் பட்டதையும் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். வலுவான மீன் மாட்டியபோது உங்கள் ரீலில் எந்தப் பகுதி கைவிட்டது, எது காப்பாற்றியது?

படகிலிருந்து சூரை பிடிப்பவர்

டிராக்கைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். அதை நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். டிராக் கொடுப்பது ஒரு முறுக்கு விசை. நரம்பில் நாம் உணரும் இழுவிசை, அந்த முறுக்கு விசையை ஸ்பூலில் சுற்றியுள்ள நரம்பின் ஆரத்தால் வகுத்தால் வருவது. ஸ்பூல் நிறைந்திருக்கும்போது ஆரம் 36 மில்லிமீட்டர் என்றும், அப்போது டிராக் 8 கிலோ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மீன் நரம்பை உருவிக்கொண்டு போய் ஆரம் 27 மில்லிமீட்டராகக் குறைந்தால், டிராக்கை இறுக்கும் குமிழை நாம் தொடாமலே டிராக் 10.7 கிலோ ஆகிவிடுகிறது. தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் நரம்பின் உரசல் இதற்கு மேல்.

மஞ்சள் துடுப்புச் சூரை ஒன்று நேராகக் கீழே பாய்ந்தபோது நான் செய்தது என்ன தெரியுமா? ஸ்பூலின் அடி தெரியத் தொடங்கியதும் பயந்துபோய் டிராக்கை இன்னும் இறுக்கினேன். தளர்த்த வேண்டிய நேரம் அது. மூன்று எண்ணுவதற்குள் நரம்பு அறுந்து கம்பு நிமிர்ந்துவிட்டது.

ஆகவே இப்போது நான் முதலில் பார்ப்பது ஸ்பூலின் விட்டமும் கொள்ளளவும். நான் தேடும் மீன் எவ்வளவு ஓடினாலும் பாதி நரம்பு மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான். இதற்காக ஒரு அளவு பெரிய ரீலாக வாங்க நேர்ந்தாலும் சரி. நரம்பு அறும் பாரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை வைப்பது என்ற பழைய வழக்கம் இந்தக் கணக்குக்கு இடம் விட்டுத்தான் ஏற்பட்டிருக்கிறது.

வாஷரைப் பற்றித் தொடங்கியவர் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. 8 கிலோ டிராக்கில் மீன் 200 மீட்டர் ஓடினால் சுமார் 16 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 100 மில்லி தண்ணீரை ஏறக்குறைய 37 டிகிரி சூடாக்க அது போதும். சூரை அந்தத் தூரத்தை அரை நிமிடத்துக்குள் ஓடி முடித்துவிடும். அவ்வளவு வெப்பமும் நாணயமளவு உள்ள சில தட்டுகளுக்குள்தான் பிறக்கிறது. கார்பன் நார் வாஷர் இதைத் தாங்கும், கம்பளி வாஷர் கருகும். எனவே ரீலின் உள்ளே இருப்பது எந்த வாஷர், அது எத்தனை அடுக்கு, எவ்வளவு அகலம் என்று கேட்காமல் நான் வாங்குவதில்லை.

பாறையில் நின்று வீசுபவர்

படகுக்காரர்களுக்கு இல்லாத தொல்லை ஒன்று எங்களுக்கு உண்டு. அலை வந்து ரீலை முழுவதும் நனைத்துவிட்டுப் போகும். கால் வழுக்கினால் ரீலும் மூழ்கும். அதனால் நீர் உள்ளே புகாதபடி தடுக்கும் அடைப்பு எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. பென் ஸ்லாமர் வரிசை ரீல்களில் ஐபிஎக்ஸ் 6 என்ற நீர்த்தடுப்புக் குறியீட்டைக் குறித்திருப்பார்கள். அதை "நீரில் மூழ்கினாலும் ஒன்றும் ஆகாது" என்று பலர் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அந்தக் குறியீட்டின்படி 6 என்பது வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்குவது மட்டுமே, மூழ்குவதைத் தாங்குவது 7-இல்தான் தொடங்குகிறது. இது தெரிந்த பிறகும் அந்த ரீலை வைத்திருக்கிறேன். நான்கு பருவங்களாக அலைத்தெறிப்பில் அது எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் இடுப்பளவு நீரில் நின்று வீசும்போது வான் ஸ்டால் ரீலை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது மூழ்குவதற்கென்றே கட்டப்பட்டது.

என் வான் ஸ்டாலில், நரம்பைப் பிடித்து ரோலருக்குக் கொண்டுவரும் பெய்ல் கம்பியே கிடையாது. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் நரம்பை விரலால் எடுத்து ரோலரில் வைக்க வேண்டும். இதைத் தொல்லை என்று நினைப்பவர்களுக்கு என் பழைய ரீலின் கதையைச் சொல்வேன். 120 கிராம் பாப்பரை முழு வலுவோடு வீசிய நொடியில், தளர்ந்துபோன ஸ்பிரிங் காரணமாகப் பெய்ல் தானாக மூடிக்கொண்டது. நரம்பு துப்பாக்கி வெடித்ததுபோல் அறுந்தது. பாப்பர் தனியாக அடிவானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததை நானும் பக்கத்தில் நின்றவரும் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெய்ல் உள்ள ரீலை வாங்குவதானால், அதைத் திறந்து வைத்து ரீலை வேகமாக உதறிப் பாருங்கள். மூடிக்கொண்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ரீல்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பவர்

முந்தைய நண்பரோடு பணிவாக மாறுபடுகிறேன். அடைப்பு நீரை உள்ளே விடாது என்பது உண்மை. ஆனால் எப்படியோ உள்ளே போய்விட்ட நீரை அது வெளியேயும் விடாது. என் மேசைக்கு வரும் ரீல்களில் மிக மோசமாகத் துருப்பிடித்தவை, "இது அடைப்புள்ள ரீல்" என்ற நம்பிக்கையில் இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் கிடந்தவைதாம். அவற்றில் பலவற்றுக்குள் நீரைச் செலுத்தியது கடல் அன்று, கழுவுகிறேன் என்று குழாயை நேராகப் பிடித்து அழுத்தமாகப் பீய்ச்சிய உரிமையாளரின் கை. டிராக்கை இறுக்கி வைத்து, மென்மையான நீர்த்தூவலில் நனைத்து, துடைத்து உலரவிட்டு, பிறகு வாஷர்கள் நசுங்காதபடி டிராக்கைத் தளர்த்தி வைத்தால் போதும்.

அதனால் என் அளவுகோல் வேறு. ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு மணி நேரமும் இருந்தால் உரிமையாளரே திறந்து மூடக்கூடிய ரீலா என்று பார்க்கிறேன். டைவா நிறுவனத்தின் மேக்சீல் போன்ற காந்த எண்ணெய் அடைப்பு அருமையான யோசனைதான். ஆனால் வீட்டில் பிரித்தால் அந்த எண்ணெய்ப் படலம் குலைந்துவிடும், எனவே அதற்குரிய பணிமனைக்கு அனுப்பத் தயாராக இருப்பவர்களுக்கே அது பொருந்தும்.

என் சொந்த இழப்பையும் ஒப்புக்கொள்கிறேன். கடல் விரால் ஒன்றை மேலே கொண்டுவந்துகொண்டிருந்தேன். கம்பை உயர்த்திய நேரத்தில் கைப்பிடி திடீரென்று பின்பக்கமாகச் சுழன்று என் விரல் முட்டியில் அடித்தது. நரம்பு தளர்ந்தது, மீன் முள்ளை உதறிவிட்டுப் போனது. பின்சுழற்சியைத் தடுக்கும் உருளைக் கிளட்ச் வழுக்கியிருக்கிறது. அதற்குள் தாராளமாகக் கிரீஸ் தடவியவன் நான்தான். அந்தக் கிளட்ச்சுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டே அதிகம், கிரீஸ் அறவே கூடாது. அன்றிலிருந்து, கிளட்ச் வழுக்கினாலும் பின்னால் நின்று தாங்கும் பல்தடுப்பு ஒன்று கூடுதலாக உள்ள ரீல்களையே வலுவான மீன்களுக்குப் பரிந்துரைக்கிறேன். ஐந்து முறை பிறர் தவறைத் திருத்தியவன் ஆறாவதாகத் தானே அதைச் செய்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

செங்குத்தாக ஜிக் (கனமான உலோகப் போலி இரை) இறக்குபவர்

கியர் விகிதத்தை, அதாவது கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பைச் சுற்றும் பகுதி எத்தனை முறை சுற்றும் என்பதை, யாரும் தொடவில்லை. களவா மீன் கவ்வினால் முதல் பத்து நொடியில் அதைப் பாறைப் பொந்திலிருந்து விலக்கியாக வேண்டும். 6.2-க்கு 1 என்ற வேக ரீலில் அந்தப் பாரத்தோடு கைப்பிடியைச் சுற்றவே என்னால் முடியவில்லை. களவா பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 4.4-க்கு 1 என்ற ரீலுக்கு மாறிய பிறகே அவற்றைக் கிளப்ப முடிந்தது. பாப்பர் வீசுபவர்களுக்கு வேகம் தேவைப்படலாம், மறுக்கவில்லை.

புதிதாக வந்தவர்

என் அனுபவம் சிறியது, சற்று வேடிக்கையானதும்கூட. மீன் ஓடிக்கொண்டே இருந்தது. டிராக்கை இறுக்கினேன், இன்னும் இறுக்கினேன், முழுவதும் இறுக்கினேன், எந்தப் பயனும் இல்லை. குனிந்து பார்த்தால் ஸ்பூல் அசையாமல் நிற்கிறது, அதன் மேல் மொத்த நரம்புச் சுற்றும் மோதிரம்போலச் சுழன்றுகொண்டிருக்கிறது! பின்னல் நரம்பை நேரடியாக வழுவழுப்பான உலோகத்தில் கட்டிச் சுற்றியிருந்தேன். இப்போது அடியில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றிய பிறகே பின்னலைத் தொடர்கிறேன். ரீல்மீது பழி போடும் முன் இதையும் பார்க்கலாம் என்பதற்காகச் சொன்னேன்.

தொடங்கியவர், மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. எழுதியவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, சுருள்வில் தராசையும் எடுத்துக்கொண்டுதான் ரீல் வாங்கப் போனேன். விற்பவர் சற்று விநோதமாகப் பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை. மூன்று ரீல்களில் நரம்பு கட்டி இழுத்துப் பார்த்தேன். பெட்டியில் மிக உயர்ந்த எண் அச்சிட்டிருந்த ரீலில்தான் தொடக்க இழுவைக்கும் ஓட்ட இழுவைக்கும் வேறுபாடு அதிகமாக இருந்தது. 8 கிலோவில் வைத்தபோது ஏறத்தாழ வேறுபாடே காட்டாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அலுமினிய உடல், கார்பன் வாஷர்கள், கைப்பிடி அச்சில் நேரடியாகத் திருகும் வகை. லைன் ரோலரை ஒரே திருகாணியில் கழற்றலாம். அடைப்பு நடுத்தரமானது. பழுதுபார்க்கும் நண்பரின் வாதமே என்னை இணங்க வைத்தது, பாறையில் நிற்பவர் மன்னிக்க வேண்டும்.

போன வாரம் அதே திட்டின் விளிம்பில் 19 கிலோ பாரை ஒன்று வந்தது. பதிவாகியுள்ள மிகப் பெரிய பாரை 2006-இல் ஜப்பானில் பிடிபட்டது, 72.8 கிலோ, அதன் முன் இது குஞ்சு. ஆனாலும் முதல் ஓட்டத்தில் நரம்பு ஒரே சீரான ஒலியோடு போய்க்கொண்டிருந்ததையும், கம்பின் நுனி ஒருமுறைகூடத் தலையாட்டாமல் வளைந்தபடியே நின்றதையும் பார்த்தபோது, மீன் வராவிட்டாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. வந்தது. எடை பார்த்து, நீருக்குள் விட்டுவிட்டேன்.

இரவு ரீலைத் திறந்தேன். உள்ளே உலர்வாகவும் சுத்தமாகவும் இருந்தது. லைன் ரோலரின் பேரிங்கில் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும் சிறிய சொரசொரப்பு. இரண்டே மாதத்தில் உப்பு அங்கே வந்துவிட்டது. அதற்கு மாற்றுப் பேரிங் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.