இரண்டாவது தராசு: ‘மியூச்சுவல் ரெகக்னிஷன்’ என்பதற்கு ஒரு சொல்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘மியூச்சுவல் ரெகக்னிஷன் அக்ரிமென்ட்’ என்பதற்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம், இருதரப்பு ஏற்பிசைவு, நிகரேற்பு, இணையேற்பு. மொழிபெயர்ப்பு மேசையில் இந்தச் சொல்லோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவன் நான். நான்கின் மீதும் எனக்கு வழக்கு இருக்கிறது. ஆனால் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாமல் சொல்லைப் பற்றிச் சண்டை போடுவதில் பயனில்லை. அதனால் முதலில் பொருள்.

இந்தக் கருத்தை நான் சிறுவயதில் கொழுந்துத் தராசில் பார்த்தேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் அம்மா கொழுந்து பறித்தார். நிறுவை நேரத்தில் பாதையோரமாக மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி வட்டத் தராசைத் தொங்கவிடுவார்கள். மழை நாளில் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டும். அம்மா சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்திருக்கமாட்டார், முள்ளும் நடுங்கி முடித்திருக்காது, கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார்: “பதினொன்று. தண்ணீருக்கு இரண்டு போக ஒன்பது.” அதே கொழுந்து லொறியில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனதும் இன்னொரு தராசில் ஏறும். அங்கே எண் குறைந்தால் ஸ்டோர்த் தராசு சொன்னதுதான் செல்லும். குறைந்த கிலோ மறுநாள் எங்கள் நிறுவையில் கழியும். மலையில் போட்ட எண்ணை ஸ்டோர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால், அதற்குப் பெயர்தான் மியூச்சுவல் ரெகக்னிஷன்.

இலங்கை–இந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசெம்பர் 28இல் கைச்சாத்தாகி, 2000 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ இலங்கைத் தேயிலை 7.5 வீதத் தீர்வையில் இந்தியாவுக்குள் போகலாம். உள்நாட்டு மதிப்புச் சேர்ப்பு குறைந்தது 35 வீதம் இருக்கவேண்டும். இந்திய மூலப்பொருள் கலந்திருந்தால் 25 வீதம் போதும். எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. சோதனைக்கு? கொழும்பு ஆய்வுகூடம் பார்த்துச் சான்றிதழ் கொடுத்த உணவுச் சரக்கிலும் அக்கரைத் துறைமுகத்தில் மறுபடி மாதிரி எடுக்கலாம். முடிவு வரும்வரை சரக்கு கிடக்கும். கிடக்கிற நாளுக்கெல்லாம் வாடகை ஏறும். தீர்வையைக் குறைத்த கையெழுத்து இந்த இரண்டாவது தராசைத் தொடவில்லை.

ஒழுங்குவிதிகளில் அயல்நாடுகள் கைகோப்பதில் பல படிகள் உண்டு. கூடிப் பேசுவது ஒரு படி. கனடாவும் அமெரிக்காவும் 2011இல் ‘ரெகுலேட்டரி கோஆபரேஷன் கவுன்சில்’ அமைத்தது போல. இரு நாடுகளும் விதியை ஒன்றாக்கிக்கொள்வது இன்னொரு படி. அதற்கு ‘ஒத்திசைவாக்கம்’ இருக்கிறது. நாம் பேசும் படியில் விதிகள் வேறாகவே இருக்கும். வேறாக இருந்தும் ஏற்றுக்கொள்வார்கள். 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று. பிரான்சின் ‘கஸ்ஸி’ என்ற பழமதுவில் மதுசாரம் 15 முதல் 20 வீதம். ஜெர்மனியிலோ பழமது என்று விற்கக் குறைந்தது 25 வீதம் வேண்டும். (குடியைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் கேட்டிருக்கிறேன், போதை குறைவு என்று தடுத்த சட்டம் இது ஒன்றுதான்.) பிரான்சில் சட்டப்படி செய்து விற்பதை, தக்க காரணமில்லாமல் ஜெர்மனி தடுக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஜெர்மன் விதியையும் பிரெஞ்சு விதியையும் யாரும் ஒன்றாக்கச் சொல்லவில்லை.

இனிச் சொற்கள். ‘பரஸ்பர அங்கீகாரம்’ அரச ஆவணங்களில் ஏற்கெனவே உலவுகிறது. ஆனால் அங்கீகாரம் என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு முத்திரை குத்திக் கொடுப்பது. பரஸ்பரத்தை முன்னால் ஒட்டினாலும் அந்தத் தொனி போகவில்லை. ‘ஒப்பந்தம்’ எங்களுக்கு இன்னும் கனம். மலையகத்தில் அடைமொழி இல்லாமல் ஒப்பந்தம் என்றால் 1964 அக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று அயல்நாடுகள் இரண்டு இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்களைப் பங்கு பிரித்த தாள் அது. தேயிலைச் சான்றிதழுக்கு அந்தச் சொல் எனக்குக் கூசுகிறது. உடன்படிக்கை என்றே இருக்கட்டும்.

‘ஏற்பிசைவில்’ ஏற்பும் இசைவும் ஒரே வேலையை இருமுறை செய்கின்றன. ‘நிகரேற்பு’ அழகுதான், ஆனால் தேயிலைப் பொதியில் ‘நிகர நிறை’ என்று அச்சிடுகிற ஊரில் அது கழிவு போக மிஞ்சிய ஏற்பு என்றே காதில் விழும். ‘இக்விவலன்ஸ்’ (சமம் என்று கருதுவது) என்ற வேறொரு கருத்துக்கு அதைச் சேமித்து வைப்போம். ‘இணையேற்பு’ என்றால் இணையவழி விண்ணப்பம் என்று நினைக்காத இளைஞர் ஒருவரைக் காட்டுங்கள்.

என் பரிந்துரை ‘மாறேற்பு’. மாறு என்பதில் வேறுபாடும் இருக்கிறது, கைம்மாறு என்பதில் வரும் பதிலுக்குப் பதிலும் இருக்கிறது. வேறாக இருப்பதை ஏற்பது, பதிலுக்கு நம்முடையதும் ஏற்கப்படுவது. இரண்டும் ஒரு சொல்லுக்குள் வருகின்றன.

ஹட்டனிலிருந்து

* * *

தம்பி,

தராசு விளக்கம் அருமை. சொல் அருமை இல்லை. மாறு என்றால் இங்கே கோவையில் மாறுவேடமும் விளக்குமாறும்தான் நினைவுக்கு வரும். பழைய இலக்கியத்தில் மாறு பகையையும் குறிக்கும். பகைத்து ஏற்பது எப்படி? விளக்கவுரை கேட்கிற கலைச்சொல் வகுப்பறையைத் தாண்டாது என்பது நாற்பது ஆண்டு ஆசிரியர் வேலையில் நான் கண்டது. நீங்கள் கேட்டதெல்லாம் மலையில் போட்ட எண் ஸ்டோரில் செல்லவேண்டும் என்பதுதானே? அந்த எண் ஒரு சான்று. ‘சான்றேற்பு’ என்று வைத்தால் என்ன குறை? தேயிலைக்கும் பொருந்தும், பட்டத்துக்கும் பொருந்தும்.

* * *

கோவை ஆசிரியர் அம்மா,

பகையை நான் யோசிக்கவில்லை. போதாததற்கு, நேற்று என் அக்காவிடம் ‘மாறேற்பு’ என்று சொல்லிப் பார்த்தேன். “மிலாறா? கவ்வாத்து வெட்டுகிறார்களா?” என்று கேட்டார். வெட்டிவிட்ட தேயிலைக் கிளையை அடுப்புக்கு எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

பட்டம் பற்றிச் சொன்னது சரியான இடத்தைத் தொட்டது. 2016இல் எட்கா (இந்திய–இலங்கைப் பொருளாதார, தொழில்நுட்பக் கூட்டுறவு உடன்படிக்கை) பேச்சு எழுந்தபோது இங்கே வைத்தியர்கள் எதிர்த்ததும் இந்தப் பயத்தால்தான்: அங்கே பெற்ற பதிவு இங்கே செல்லுமா? அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998 முதல் பதிவு பெற்ற தொழிலாளர்களை ஒருவருக்கொருவர் ஏற்கின்றன. அந்த ஏற்பாட்டிலிருந்தும் வைத்தியர்களை விலக்கித்தான் வைத்தார்கள். இதையெல்லாம் எழுத ‘சான்றேற்பு’ தாராளமாகப் போதும்.

ஆனால் கஸ்ஸி வழக்கில் சான்று எதுவும் கிடையாதே. யாரும் எதையும் சோதிக்கவில்லை. அங்கே சட்டப்படி விற்பது இங்கேயும் விற்கலாம் என்ற கோட்பாடு மட்டும்தான். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துச் சரக்குகளுக்கும் அதே கதை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. நாமும் அடைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆய்வுகூட அறிக்கை, பட்டம், பதிவு ஆகியவற்றுக்குச் ‘சான்றேற்பு’. கோட்பாட்டுக்கு வேறு சொல் வேண்டும். மாறேற்பை நான் திரும்பப் பெறுகிறேன், மற்றவர்கள் சொல்லட்டும்.

நாளை அனுப்பவேண்டிய மொழிபெயர்ப்பில் ‘சான்றேற்பு உடன்படிக்கை’ என்று போட்டுவிட்டேன். நீங்கள் ‘சான்றேற்பு ஒப்பந்தம்’ என்று அச்சிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறோம். பதிலுக்கு எங்கள் ‘வீதத்தை’ச் ‘சதவீதம்’ என்று திருத்தாமல் விடுங்கள்.