அண்ணன் இஎம்ஐ கட்டுவதை நிறுத்திவிட்டார், வீட்டில் மட்டும் பாதி கேட்கிறார்

கோவைத்தம்பி:
2019-ல் நானும் அண்ணனும் சேர்ந்து சரவணம்பட்டியில் ஃபிளாட் வாங்கினோம். பத்திரம், 38 லட்சம் லோன் இரண்டிலும் இரண்டு பேர் பெயரும் உண்டு. இஎம்ஐ சுமார் 34,000, ஆளுக்குப் பாதி, முன்பணமும் அப்படித்தான். அண்ணன் குடும்பம் ஓசூர் போனதிலிருந்து "நான் இல்லாத வீட்டுக்கு நான் எதுக்குக் கட்டணும்" என்று நிறுத்திவிட்டார், போன தீபாவளியிலிருந்து முழுசும் என் சம்பளத்தில்தான் போகிறது. இப்போது வீடு 62 லட்சம் போகுமாம், 31 லட்சம் கொடுத்தால் எழுதித் தருவாராம். லோன் பாக்கியே 32 லட்சம் இருக்கிறது! என் பாதியை மட்டும் கட்டிவிட்டு, மீதியை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேங்கில் எழுதிக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற பேங்க்காரன்:
அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பாதிப் பாதி என்பதெல்லாம் உங்கள் வீட்டுக் கணக்கு, பேங்க்குக்கு இரண்டு பேருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. பாதி கட்டினால் தவணை பாக்கி என்றுதான் விழும், இரண்டு பேர் சிபிலும் (கடன் திருப்பிக் கட்டும் நாணய மதிப்பெண்) கெடும், 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அப்புறம் சர்ஃபேசி சட்டப்படி (அடமானச் சொத்தை பேங்க் எடுத்துக்கொள்ள வழி தரும் சட்டம்) 60 நாள் நோட்டீஸ். அண்ணன் தம்பிச் சண்டையையெல்லாம் மேனேஜர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

வக்கீல் குமாஸ்தா:
அண்ணன் பங்குக்காக நீங்கள் கட்டியதை அவரிடம் கேட்டு வாங்க ஒப்பந்தச் சட்டம் 43-வது பிரிவில் வழி உண்டு. அதனால் எல்லாம் உங்கள் அக்கவுண்ட் வழியாகவே போகட்டும், ரொக்கம் வேண்டாம். 31 லட்சம் என்பது வேடிக்கையான கணக்கு. 62-ல் கடன் 32 போனால் 30, அதில் பாதி 15, அவர் கட்டாத தவணைகளை அதிலும் கழிக்க வேண்டும். பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதியிருக்கிறதா? இல்லாவிட்டால் அவரவர் போட்ட பணத்தின் விகிதம், அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு. விடுதலைப் பத்திரம் (அண்ணன் தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது) போடுவதென்றால் முதலில் பேங்க் சம்மதம் வாங்குங்கள், ஒரிஜினல் பத்திரம் அவர்களிடம்தானே இருக்கிறது. அண்ணனை லோனிலிருந்து எடுக்க உங்கள் ஒருவர் சம்பளம் தாங்குமா என்று பார்ப்பார்கள். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குதான், ஃபிளாட்டுக்கு நடுவில் சுவர் வைக்க முடியாது என்பதால் கோர்ட் விற்கச் சொல்லலாம். பாதிப் பங்கு உள்ளவர் விற்கக் கேட்டால், மற்றவர் கோர்ட் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள 1893-ம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும்.

மதுரை மல்லிகா:
தம்பி, கோபப்படாதீங்க. அண்ணன் போன பிறகு முழு வீட்டிலும் நீங்கள்தானே இருக்கீங்க? வாடகைக்கு விட்டிருந்தால் அதில் பாதி அவருக்கு வந்திருக்கும். அவர் நிறுத்தியது தப்புதான், ஆனால் அவர் பக்கம் ஒரு வக்கீல் உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் கேட்பார்.

கோவைத்தம்பி:
பத்திரத்தில் பங்கு எதுவும் குறிப்பிடவில்லை. மல்லிகாக்கா, வாடகையில் பாதியைக் கழித்துக்கொள்ள எனக்குச் சம்மதம்தான், ஆனால் அவர் போனே எடுப்பதில்லை. மாமாவை வைத்து ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம்.

வக்கீல் குமாஸ்தா:
லோன் ஸ்டேட்மென்ட்டும் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்க. கட்டாத வட்டிக்கு அவர் இன்னும் வருமான வரியில் கழிவு காட்டுகிறாரா என்றும் கேளுங்க, கட்டியவர்தான் காட்ட முடியும். பேசி முடித்ததை அன்றைக்கே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்க, மாமா சாட்சி.