புழல் போய் வந்த பையனை வேலைக்கு வைக்கலாமா?

வியாசர்பாடி மெக்கானிக்:
சின்னதாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவன், இருபது வயசு இருக்கும், அடிதடி கேஸில் புழல் ஜெயிலுக்குப் போய் இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். முதல் கேஸ். அவன் அம்மா வந்து வேலை கேட்கிறார். கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் பண்ணுவதெல்லாம் நன்றாகத் தெரிந்தவன்தான். ஆனால் பக்கத்துக் கடை அண்ணன், "உள்ளே முட்டையும் கறியும் போட்டு வளர்க்கிறாங்க, நல்லா லாடம் கட்டியிருந்தா பயம் வந்திருக்கும், நீ வேற வேலை கொடுக்கிறியா" என்கிறார். கடுமையாக வைத்தால் நிஜமாகவே திருந்துவார்களா?

கொருக்குப்பேட்டை:
என் மச்சான் ரிமாண்டில் இருந்தார், எந்த ஊர் ஜெயில் என்பது வேண்டாம். மனு போட்டு அவரைப் பார்க்கப் போனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் கத்துவதில் "ஜாமீன் எப்போ" என்பது மட்டும்தான் காதில் விழும். ராத்திரி திரும்பிப் படுக்க இடமில்லாமல், உடம்பெல்லாம் சொறியோடு வெளியே வந்தார். முட்டை போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வந்ததும் முதலில் அவருக்கு போன் பண்ணி விசாரித்தது உள்ளே பழகின ஆட்கள்தான், சொந்தக்காரன் ஒருத்தன் கூட இல்லை.

மூலக்கடை ரவுண்டானா:
போன வருஷம் செயினை அறுத்ததில் எங்க அம்மா வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு போச்சு. மறுவாழ்வு பற்றிப் பேசுகிறவர்கள் அவங்களுக்கு என்ன வழி என்று முதலில் சொல்லுங்கள்.

ஜார்ஜ் டவுன் வக்கீல்:
மூலக்கடை சாரின் கோபம் நியாயம், இழப்பீடு கேட்க வழி இருக்கிறது, தனியாக எழுதுங்கள். ஆனால் "கடுமையான தண்டனை" என்கிறோமே, அது யாருக்கு? 2022 கடைசியில் நாடு முழுக்க ஜெயிலில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. புழலில் பேக்கரி, ஜெயில் பஜார், பெட்ரோல் பங்க் என்று நாம் பார்ப்பதில் பெரும்பாலும் வேலை செய்வது தண்டனைக் கைதிகள். ரிமாண்டில் போகிற இருபது வயசுப் பையனுக்கு நாள் பூரா வேலை கிடையாது, பெரிய கேஸ் ஆட்களோடு உட்கார்ந்து கதை கேட்பதுதான் அவனுக்கு அங்கே படிப்பு. அதை இன்னும் கடுமையாக்கினால் பாதுகாப்புக்கு அவன் எந்த கேங் பக்கம் ஒதுங்குவான், யோசித்துப் பாருங்கள். 1999 நவம்பரில் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய ஜெயிலில் ஒரு கைதியின் சாவு கலவரமாகி, துணை ஜெயிலரும் செத்தார், கைதிகளும் செத்தார்கள். இறுக்கிப் பிடித்தால் எல்லாம் அடங்கும் என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மெக்கானிக் அண்ணே, கண்டிஷன் பெயில் என்றால் அவன் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், கோர்ட் வாய்தாவுக்கும் போக வேண்டும். தவறினால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம், ரத்தானால் மறுபடி உள்ளேதான். பல முதலாளிகள் இதற்காகவே நிறுத்திவிடுகிறார்கள். வக்கீல் வைக்க முடியாவிட்டால் 15100க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், இலவச சட்ட உதவி.

வியாசர்பாடி மெக்கானிக்:
சரி, கையெழுத்துப் போட்டுவிட்டு பதினோரு மணிக்கு வரட்டும். வாய்தா அன்றைக்குக் கூலி பிடிப்பதா, வேண்டாமா?

மூலக்கடை ரவுண்டானா:
பிடிக்காதீங்க. ஆனா கொஞ்ச நாளைக்குக் கல்லாவில் உட்கார வைக்காதீங்க.