லீ ஷோருக்கு என்ன சொல்? பகலுலா, தாமான், தள்ளுகரை

க. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

டிங்கி எனும் சிறு பாய்ப்படகில் காலையில் கிளம்பிக் கரையோரமாக ஓடி, இருட்டுவதற்குள் திரும்புவோருக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று சொற்களில் சிக்கி நிற்கிறேன்.

ஒன்று, இந்தச் செயலுக்கான பெயர். டே குரூசிங். பந்தயம் அல்ல, மீன்பிடியும் அல்ல. 'பகற்பயணம்' என்று போட்டால் பேருந்து நினைவுக்கு வருகிறது.

இரண்டு, ஷீட். பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் கையில் பிடித்திருக்கும் கயிறு. எனக்குக் கிடைத்த பழைய வரைவில் 'விரிப்பு' என்று இருக்கிறது. திடீரென்று காற்று வலுத்துப் படகு சாயும்போது செய்யவேண்டிய முதல் வேலை இந்தக் கயிற்றைத் தளர்த்துவது. 'விரிப்பைத் தளர்த்து' என்று படித்து வைத்தவர் எதைத் தேடுவார்?

மூன்று, லீ ஷோர். எனக்கு உண்மையில் பயம் தருவது இதுதான். கடலில் இருக்கும் படகை எந்தக் கரையை நோக்கிக் காற்று தள்ளுகிறதோ அந்தக் கரை. சுக்கான் உடைந்தாலும் பாய் கிழிந்தாலும் படகு அங்கேதான் போய் மோதும். ஆனால் லீ என்ற சொல்லுக்கு 'காற்று மறைவு' என்று எழுதுவது வழக்கம். அதை அப்படியே ஒட்டிக் 'காற்றுமறைவுக் கரை' என்றால், விலகி ஓடவேண்டிய இடம் ஒதுங்கத் தக்க இடமாகிவிடும்.

இ. எழுதியது:

முதல் சொல்லுக்கு 'பகற்செலவு' என்பேன். செல் என்ற வினையிலிருந்து செலவு. பிரிந்து புறப்பட எண்ணிய தலைவன் தயங்கி நின்றுவிடுவதற்குச் 'செலவழுங்குதல்' என்று அகப்பொருளில் துறையே இருக்கிறது. கடலோடுபவர் புறப்படலாமா, காற்று சரியில்லை, இன்று வேண்டாம் என்று தயங்குவதற்கும் அதே சொல்லை எடுத்துக்கொள்ளலாம். வானிலை பார்த்து நின்றுவிடுவது இந்தக் கலையில் பாதி அல்லவா?

ம. எழுதியது:

நான் பாய்ப்படகு கற்றுத் தருபவன். செலவழுங்குதல் அருமையான கருத்து, ஆனால் 'பகற்செலவு' என்று தலைப்பில் போட்டால் படிப்பவர் பணக்கணக்கு என்றே நினைப்பார். உலா என்று வைத்தால் என்ன? பகலுலா. உலாப் போனவர் திரும்பி வருவார் என்பது சொல்லிலேயே இருக்கிறது. டிங்கியில் போவது எளிது, திரும்புவதுதான் வேலை. ஐந்து மீட்டர்ப் படகு மிதமான காற்றில் மணிக்கு 3 அல்லது 4 கடல்மைல் ஓடும். காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்ப்படகும் போக முடியாது. சுமார் 45 பாகை ஒதுங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திரும்பித் திரும்பித்தான் ஏறவேண்டும். 10 மைல் தொலைவுக்கு 14 மைல் ஓடவேண்டி வரும். அதனால்தான் உடம்பில் தெம்பிருக்கும் காலையில் எதிர்க்காற்றில் ஏறிவிட்டு, மாலையில் காற்றோடு இறங்கி வரச் சொல்கிறோம். பகல் நடுவே காற்று திசை மாறினால் இந்தக் கணக்கே கெட்டுவிடும், அது வேறு.

த. எழுதியது:

உலாவை ஏற்கிறேன். ஆனால் உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் காண்கிறார்கள். உலா வருபவன் காணப்படுபவன். படகில் போகிறவரோ காண்பவர். இந்த வேறுபாடு எனக்கு உறுத்துகிறது. இருந்தாலும் உலவுதல் காற்றுக்கும் உரிய வினை என்பதால் பொருத்தம் இருக்கிறது.

அதைவிட, 'டிங்கி' என்ற சொல்லை ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள்? ஓடம், தோணி, வள்ளம், அம்பி, பஃறி, திமில் என்று இத்தனை இருக்க, வங்காளக் கரையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய்ச் சுற்றி வந்த சொல் எதற்கு? நாவாயிலிருந்துதான் மேலை மொழிகளின் நேவி பிறந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இ. எழுதியது:

நேவி, லத்தீன் நாவிஸ், வடமொழி நௌ எல்லாம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்குள்ளேயே ஒரே வேரில் வந்தவை. நாவாய்க்கு அவற்றோடு உறவு உண்டு என்றால் அது கடன் வாங்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம், கொடுத்ததாக அல்ல. நாம் கொடுத்தது கட்டுமரம். அதில் ஐயம் இல்லை. ஆனால் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைக்கான அந்தச் சொல், அங்கே போய் இரட்டை உடல் படகுக்குப் பெயராகிவிட்டது. சொல் பயணம் போனால் பொருள் மாறும். ஆகவே டிங்கியையும் நாம் அமைதியாக வைத்துக்கொள்ளலாம்.

ம. எழுதியது:

டிங்கி இருக்கட்டும். தோணி என்றால் சரக்குத் தோணி நினைவுக்கு வருகிறது, ஓடம் என்றால் ஆறு. டிங்கி என்பதற்காகச் சின்னதாகவும் நினைக்க வேண்டாம். 1963இல் ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயப் படகோட்டி ஒரு துணையோடு 4.8 மீட்டர் வேஃபேரர் டிங்கியில் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை போயிருக்கிறார். மேல்தளம் மூடாத படகு அது.

ஷீட்டுக்கு வருவோம். வெள்ளி நெருங்குகிறது.

சு. எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் குடும்பம் கடல்தொழில் குடும்பம். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையைப் பிடித்து இழுக்கும், விடும் கயிறு தாமான். பாயைத் தாங்கும் குறுக்குக்கழி பருமல். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். கடலில் ஓடும் நீரோட்டத்துக்கு நீவாடு. இவை இருக்கும்போது புதிதாக ஏன் செய்யவேண்டும்? எஞ்சின் வந்தபின் இளையவர்களுக்குப் பாய்ச்சொற்கள் மறந்து வருகின்றன. கையேட்டிலாவது இருக்கட்டும்.

த. எழுதியது:

சு. எழுதியதை இரண்டு முறை படித்தேன், நன்றி. ஆனால் தாமான் தமிழா? பாரசீகத்தில் தாமன் என்றால் ஆடையின் ஓரம். கப்பல்காரர் பேச்சில் அது பாயின் ஓரத்துக்கும் அதன் கயிற்றுக்கும் ஆகிவந்திருக்கலாம். வடமொழியிலும் தாமன் என்றால் கயிறு. தாமோதரன் வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன். இன்னொரு பக்கம் நம்மிடம் தாம்பு இருக்கிறது, தாம்புக்கயிறு. தாம்பிலிருந்து தாமான் வந்தது என்று கொண்டால் சொல் நம்முடையதே ஆகிவிடும். அப்படியும் ஐயம் தீராவிட்டால் சங்கப்பாடலுக்குப் போகலாம். மதுரைக்காஞ்சியில் பாய்க்கு 'இதை' என்ற பெயர் வருகிறது. ஷீட்டுக்கு 'இதைக்கயிறு' வைக்கலாம்.

ம. எழுதியது:

'இதைக்கயிற்றை விடு' என்று கத்தினால் மாணவன் 'எதை?' என்று கேட்பான். கேட்டு முடிப்பதற்குள் படகு கவிழ்ந்திருக்கும். தாமான் எங்கிருந்து வந்தாலும் சரி, கடலில் வேலை செய்த சொல் அது. 'தாமானை விடு' என்றால் வாய்க்கும் எளிது, இரைச்சலிலும் கேட்கும்.

இ. எழுதியது:

தாமானுக்கு என் வாக்கும். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'தாமான், அதாவது பாயை இழுத்துவிடும் கயிறு' என்று க. விளக்கிவிடட்டும்.

லீ ஷோருக்குக் 'காற்றின் கீழ்க்கரை' என்ற எண்ணம் முதலில் வந்தது. காற்று வரும் பக்கம் மேல், போகும் பக்கம் கீழ் என்று. ஆனால் நம் மொழியில் மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது, கீழ்க்காற்று கிழக்கிலிருந்து வருவது. மேல், கீழ் இரண்டும் திசைக்கு ஏற்கெனவே பட்டா போடப்பட்ட சொற்கள். மேற்குக்காற்று அடிக்கும்போது மட்டும் இரண்டு பொருளும் ஒத்துப்போகும், மற்ற நாளெல்லாம் ஆளைத் திசை தப்ப வைக்கும்.

அதனால் 'தள்ளுகரை'. வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. மூன்று காலத்துக்கும் பொது: காற்று தள்ளிய, தள்ளுகிற, தள்ளும் கரை.

த. எழுதியது:

வினைத்தொகையில் யார் தள்ளுவது? கொல்களிறு என்றால் களிறு கொல்கிறது. அப்படியானால் தள்ளுகரை என்பது நம்மைத் தள்ளிவிடும் கரை, ஆபத்தே இல்லாத கரை! தள்ளுவண்டி என்றாலோ வண்டி தள்ளப்படுகிறது. அந்தக் கணக்கில் கரையே நகர்கிறது. நான் 'மோதுகரை' என்பேன். அலையும் மோதும், படகும் மோதும், யார் மோதினாலும் பொருள் ஒன்றே.

சு. எழுதியது:

மோதுகரை என்றால் பாறைக்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். மணற்கரையும் லீ ஷோர் ஆகும். அலை உடையும் இடத்தில் மணலும் படகை உடைக்கும். அதோடு, காலையில் லீ ஷோராக இருந்த கரை, காற்று திரும்பினால் மாலையில் அப்படி இருக்காது. கரையின் குணமல்ல, அன்றைய காற்றின் குணம். 'காற்று' என்ற சொல் உள்ளே இல்லாமல் இது நிற்காது.

க. எழுதியது:

சு. சொன்னது எனக்கு முடிவைத் தந்துவிட்டது. 'காற்று தள்ளும் கரை' என்று விரித்தே எழுதுகிறேன். பகலுலா, தாமான் அப்படியே. நால்வரில் மூவர் சரி என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள். நாளை கோப்பை அனுப்புகிறேன்.

த. எழுதியது:

நான்காமவன் நான்தான். மூன்று சொல் சேர்ந்தது தொடர், கலைச்சொல் அல்ல. அட்டவணையில் எப்படி அடுக்குவீர்கள்? வரைபடத்தில் எப்படிக் குறிப்பீர்கள்? மோதுகரையை விடுவதாக இல்லை, அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.

ம. எழுதியது:

கோப்பு போவதற்கு முன் ஒரே ஒரு இடம். ஏழாம் பக்கத்தில் ஆஃப்ஷோர் காற்றைக் 'கரைக்காற்று' என்று போட்டிருக்கிறீர்கள். கரையிலிருந்து வருவதா, கரைக்கு வருவதா? இதுவும் ஆளைக் கொல்லக்கூடிய ஐயம். கரையிலிருந்து கடலுக்கு வீசும்போது கரையோரத் தண்ணீர் தட்டையாக, அழகாக இருக்கும். புதியவர் நம்பி இறங்குவார். வெளியே போகப் போக அலை உயரும், காற்று வலுக்கும், கவிழ்ந்த படகு கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். 'நிலக்காற்று' என்றும் மாற்ற வேண்டாம், அது புவியியல் பாடத்தில் இரவுக்காற்றுக்கு உரியது. லீ ஷோருக்கு எழுதியதுபோலவே 'கடலுக்குத் தள்ளும் காற்று' என்று எழுதிவிடுங்கள்.